1.1 கிராம் வெள்ளி, 2.52 மில்லியன் டாலர்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாள் காலை என் தம்பி ஒரு படம் போட்டான். கறுத்துப்போன ஒரு சின்ன வெள்ளிக் காசு. ஒரு பக்கம் இரண்டே எழுத்து, மறுபக்கம் மூன்று கோடு. அரசர் தலை இல்லை, பூ இல்லை, ஆண்டுகூட இல்லை. படத்துக்குக் கீழே அவன் எழுதியிருந்தான்: "இது 2.52 மில்லியன் டாலருக்குப் போயிருக்கு. பாட்டி வீட்டு மைலோ டின் யார்கிட்ட இருக்கு?"

அந்த டின் என்னிடம்தான் இருந்தது. பாட்டி இறந்தபின் வீட்டைக் காலி செய்தபோது, வேண்டாம் என்று யாரும் சொல்லாத, வேண்டும் என்றும் யாரும் கேட்காத பொருள்களில் அதுவும் ஒன்று. உள்ளே பழைய காசுகள் கிடக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். என்னென்ன காசு என்று யாருக்கும் தெரியாது.

டின்னைத் திறப்பதற்கு முன், அந்த அமெரிக்கக் காசுக்கு ஏன் இவ்வளவு விலை என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். இரண்டு இரவுகள் அதில் போயின. தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டின் இருக்கக்கூடும்.

முதலில் விற்பனை விவரம். 2024 நவம்பர் 18ஆம் தேதி அமெரிக்காவின் ஸ்டாக்ஸ் பவர்ஸ் ஏல நிறுவனம் அந்தக் காசை விற்றது. அதன் எடை 1.1 கிராம். நாம் காகிதத்தில் குத்தும் ஒரு கிளிப்பின் எடை. உருக்கி விற்றால் அதிலுள்ள வெள்ளிக்கு அன்று ஒரு அமெரிக்க டாலர் கிடைத்திருக்கும். ஏலம் ஏறத்தாழ 12 நிமிடம் நடந்தது. முடிந்தபோது விலை 2.52 மில்லியன் அமெரிக்க டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் நம் பணத்துக்குச் சுமார் 11 மில்லியன் ரிங்கிட். ஏல நிறுவனமே எதிர்பார்க்காத தொகை. அமெரிக்கப் புரட்சிக்கு முந்தைய, தங்கமல்லாத அமெரிக்கக் காசுகளில் அதுவரை அதிக விலை போனது 646,250 டாலர்தான். அதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு.

சில்லறை இல்லாத ஊர்

கதை 1652இல், பாஸ்டன் நகரில் தொடங்குகிறது. அப்போது அமெரிக்கா என்ற நாடு இல்லை. இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் குடியேற்றப் பகுதிகள் இருந்தன. மாசசூசெட்ஸ் அவற்றில் ஒன்று. அங்கே மீன் இருந்தது, மரம் இருந்தது, விலங்குத் தோல் இருந்தது. கடையில் கொடுக்கக் காசு மட்டும் இல்லை. இங்கிலாந்துக் காசு வந்த வேகத்தில், சரக்கு வாங்கிய கடனுக்காக இங்கிலாந்துக்கே திரும்பிப் போனது.

அதனால் மக்கள் சோளத்தைக் கொடுத்தார்கள். பூர்வகுடி மக்கள் சங்குச் சிப்பியில் செய்த மணிகளைக் கொடுத்தார்கள். 1635இல் துப்பாக்கிக் குண்டையே சில்லறையாக ஏற்கலாம், ஒரு குண்டு கால் பென்னிக்குச் சமம் என்று அங்கு ஆணை போட்டார்கள். கடைக்குப் போய் உப்பு வாங்கிவிட்டு மீதிக்குத் துப்பாக்கிக் குண்டு வாங்கி வருவதை நினைத்துப் பாருங்கள்.

கையில் வந்த வெள்ளி பெரும்பாலும் ஸ்பெயின் நாட்டுக் காசுதான். தென் அமெரிக்காவில், இன்றைய பொலிவியாவில் இருக்கும் பொட்டோசி சுரங்கத்து வெள்ளியில் அடித்தவை அவற்றில் நிறைய. 1640களில் அந்தப் பொட்டோசி நாணயச்சாலையிலேயே பெரிய மோசடி வெளிவந்தது. அங்கே வெள்ளியில் கலப்படம் செய்திருந்தார்கள். அதன்பின் ஒரு ஸ்பானியக் காசை வாங்கிப் பைக்குள் போடவே வணிகர்கள் தயங்கினார்கள்.

1652 மே மாதம் மாசசூசெட்ஸ் பொதுமன்றம் ஒரு முடிவுக்கு வந்தது. நமக்கு நாமே காசு அடித்துக்கொள்வோம் என்பதுதான் அது. வெள்ளி வேலை செய்யும் பத்தர் ஜான் ஹல் என்பவரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. ராபர்ட் சாண்டர்சன் அவருக்குக் கூட்டாளி. ஊரார் கொண்டுவரும் வெள்ளியை உருக்கிச் சுத்தம் செய்து, தரம் நிலைநிறுத்தி, காசாக அடித்துத் தருவது வேலை. கூலியாக ஒரு பங்கு அவர்களுக்கு.

காசு அடிப்பது அரசருக்கு மட்டுமே உரிய உரிமை. ஆனால் இங்கிலாந்தில் அப்போது அரசரே இல்லை. முதலாம் சார்லஸின் தலை 1649இல் வெட்டப்பட்டிருந்தது. கேட்பதற்கு ஆள் இல்லாத அந்த இடைவெளியில் பாஸ்டன்காரர்கள் அச்சைத் தூக்கிவிட்டார்கள். கெட்டிக்காரத்தனமாக இன்னொன்றும் செய்தார்கள். தங்கள் ஷில்லிங்கின் எடையை இங்கிலாந்து ஷில்லிங்கைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகமாகக் குறைத்தார்கள். எடை குறைந்த காசை வெளியூர் வணிகன் எடுத்துப்போக மாட்டான், ஊரிலேயே சுற்றும் என்பது கணக்கு.

சில மாதமே அடித்த காசு

முதலில் அடித்த காசுகள் மிக எளிமையானவை. ஒரு பக்கம் 'நியூ இங்கிலாந்து' என்பதன் இரு முதலெழுத்துகள். மறுபக்கம் மதிப்பு, ரோமன் எண்ணில். பன்னிரண்டு பென்ஸ் என்றால் ஒரு ஷில்லிங். பிறகு ஆறு பென்ஸ், மூன்று பென்ஸ். தம்பி அனுப்பிய படத்தில் இருந்த மூன்று கோடு இந்த மூன்று பென்ஸ்தான்.

எளிமையே வினையாயிற்று. காசின் ஓரம் முழுவதும் வெறுமையாக இருந்ததால், கத்தரியால் ஓரத்தைக் கொஞ்சம் சீவி எடுத்துக்கொண்டு, காசை முழு மதிப்புக்கே செலவழித்துவிடலாம். பார்ப்பவருக்குத் தெரியாது. அதே ஆண்டு அக்டோபரில் பொதுமன்றம் மறுபடி கூடி, காசின் இருபுறமும் விளிம்பை ஒட்டி வளையமும் எழுத்தும், நடுவில் ஒரு மரமும் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதன்பின் வந்தவை மரக் காசுகள்: வில்லோ மரம், ஓக் மரம், கடைசியாகப் பைன் மரம். முதலில் வந்த அந்த வெற்றுக் காசு சில மாதங்களோடு நின்றுபோனது.

ஓரத்தைச் சீவும் இந்தத் திருட்டு உலகம் முழுவதும் இருந்தது. பின்னாளில் காசின் விளிம்பில் வரிவரியாக வெட்டு வைத்து அடித்தார்கள். சீவினால் உடனே தெரிந்துவிடும். இதற்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. விளிம்பில் வெட்டு வைத்த ஸ்பானிய வெள்ளி டாலர்தான் பல காலம் நம் வட்டாரத்துச் சந்தைகளிலும் புழங்கியது. அந்தப் பல் பல்லான விளிம்பைக் குறித்த பழைய மலாய்ச் சொல்தான் 'ரிங்கிட்'. இங்குள்ள தமிழர்கள் பணத்தை இன்றும் 'வெள்ளி' என்கிறோம். பாஸ்டன் பத்தர் உருக்கியதும் பினாங்கு வணிகர் எண்ணியதும் ஸ்பானிய வெள்ளியைத்தான்.

1660இல் இங்கிலாந்தில் மீண்டும் அரசர் வந்தார். மாசசூசெட்ஸ் காசு அடிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் ஏறத்தாழ எல்லாக் காசிலும் 1652 என்றே ஆண்டு போட்டது. அரசர் இல்லாத காலத்தில் அடித்தது என்று சாக்குச் சொல்லலாம் என்பதற்காக அப்படிச் செய்ததாக ஒரு விளக்கம் உண்டு. காசைப் பார்த்துக் கோபப்பட்ட இரண்டாம் சார்லஸிடம், "இந்த மரம் தாங்கள் ஒளிந்து உயிர் தப்பிய ஓக் மரம்தான் அரசே" என்று ஒருவர் சமாளித்ததாகவும் ஒரு கதை சொல்வார்கள். 1682இல் அந்த நாணயச்சாலை ஓய்ந்தது.

ஷில்லிங்குகளில் சில டசன் பிழைத்தன. மூன்று பென்ஸ் சிறிய காசு. கைமாறிக் கைமாறித் தேய்ந்து, தொலைந்து, உருகிப் போனது. இன்று உலகில் அறியப்பட்டவை மூன்றுதான். ஒன்று மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் இருக்கிறது. அது விற்பனைக்கு வராது. இன்னொன்று யேல் பல்கலைக்கழகத்தில் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் திருடுபோய்விட்டது. (அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேல் 1649இல் இதே பாஸ்டனில் பிறந்தவர். பின்னாளில் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்து பெரும் பணம் சேர்த்தவர்.) மூன்றாவதுதான் ஏலத்துக்கு வந்தது.

டப்பாவில் இருந்த வரி

அந்த மூன்றாவது காசு கிடைத்த இடம் அமெரிக்கா அல்ல. 2016இல், நெதர்லாந்தில், ஒரு பழைய அலமாரியில், ஒரு சிறிய அட்டைப் பெட்டிக்குள் அது இருந்தது. பெட்டியில் யாரோ கையால் எழுதியிருந்தார்கள். தமிழில் சொன்னால் இப்படி: 'வெள்ளி வில்லை, இன்னதென்று தெரியவில்லை. குவின்சி குடும்பத்திடமிருந்து.' கூடவே 1798 டிசம்பர் என்ற தேதியும், பாஸ்டன் நகரைக் குறிப்பதாகத் தோன்றும் ஒரு சுருக்கெழுத்தும்.

இந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். காசு அடித்து 146 ஆண்டு கழித்து அதைக் கையில் வைத்திருந்தவருக்கு, அது காசு என்பதே தெரியவில்லை. 'இன்னதென்று தெரியவில்லை' என்று ஒப்புக்கொண்டுவிட்டு, தெரிந்த ஒன்றை மட்டும் எழுதிவைத்தார். யாரிடமிருந்து வந்தது, எப்போது என்பதை.

குவின்சி என்ற பெயர் சாதாரணப் பெயரல்ல. காசு அடித்த ஜான் ஹல்லின் மனைவி ஜூடித், குவின்சி குடும்பத்துப் பெண். அமெரிக்காவின் இரண்டாம் அதிபர் ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகேய்லின் தாயும் குவின்சி குடும்பத்தவர்தான். அந்த ஜான் ஆடம்ஸ் அதிபர் ஆவதற்கு முன், 1780களில், நெதர்லாந்தில் தூதராக இருந்தவர். காசு கடல் கடந்த வழி இதுதான் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் பத்தர் வீட்டுக்கும் நெதர்லாந்து அலமாரிக்கும் நடுவே ஒரு பாலம் போட அந்த ஒரு பெயர் போதுமானதாக இருந்தது.

தேதியும் அதேபோல் வேலை செய்தது. 1850களில் அமெரிக்காவில் பழைய காசு சேர்க்கும் மோகம் தலையெடுத்தது. 1856இல் நியூயார்க்கில் தாமஸ் வையட் என்பவர் மாசசூசெட்ஸ் வெள்ளிக் காசுகளைப் போலியாக அடித்து, மண்ணைத் தோண்டியபோது கிடைத்த புதையல் என்று கதை கட்டி விற்றார். அதன்பின் இந்தக் காசு எது கிடைத்தாலும் முதலில் வரும் கேள்வி, 'அசலா?' என்பதுதான். 1798 என்று எழுதிய பெட்டி, அந்தப் போலிகளுக்கு அரை நூற்றாண்டுக்கும் முந்தியது. பழங்காசுக்கு விலை இல்லாத காலத்தில் போலி அடிக்க யாருக்கும் காரணம் இருந்திருக்காது.

உலோகத்தையும் எடையையும் அச்சையும் வல்லுநர்கள் சோதித்தார்கள் என்பது உண்மை. பெட்டியில் வரி இல்லாவிட்டாலும் காசு அசல்தான். ஆனால் வாங்க வந்தவர் மனத்தில் இருந்த கடைசிச் சந்தேகத்தையும் அந்த வரி எடுத்துவிட்டது. ஏலத்தில் அந்தக் கடைசிச் சந்தேகத்துக்குத்தான் பெரிய விலை.

இரண்டு பேர் போதும்

விலை ஏன் எதிர்பார்த்ததைத் தாண்டுகிறது? ஏல நிறுவனம் ஒரு மதிப்பு சொல்லும்போது, இதற்கு முன் அதே போன்ற பொருள் எவ்வளவுக்குப் போனது என்று பார்க்கும். வீடு விற்கும்போது பக்கத்து வீட்டு விலையைப் பார்ப்பதில்லையா, அதேபோல்தான். இந்தக் காசுக்குப் பக்கத்து வீடே இல்லை. தனியார் வாங்கக்கூடியது இது ஒன்றுதான்.

இரண்டாவது, ஏலத்தில் விலையை ஏற்ற நூறு பேர் தேவையில்லை. பிடிவாதமான இரண்டு பேர் போதும். முன்பு அந்த இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் விலை பாதியாகிவிடும். இப்போது ஒருவர் கலிபோர்னியாவிலும் மற்றவர் சிங்கப்பூரிலும் இருந்து கைப்பேசியில் விலை கேட்கலாம். இணையம் காசைப் பெருக்கவில்லை. அதைத் தேடுகிறவர்களை ஒரே அறைக்குள் கொண்டுவந்துவிட்டது.

இதற்கு மூன்று ஆண்டு முன்பே இதேபோல் ஒன்று நடந்தது. 2021 நவம்பர் 26ஆம் தேதி லண்டனில் மார்ட்டன் அண்ட் ஈடன் ஏல நிறுவனம், இதே வெற்றுக் காசு வரிசையில் ஒரு ஷில்லிங்கை விற்றது. அதுவும் 1652இல் பாஸ்டனில் அடித்தது. இங்கிலாந்தில் ஒரு குடும்பத்து வீட்டில், நூற்றுக்கணக்கான பழைய காசுகளோடு ஒரு மிட்டாய் டின்னில் கிடந்தது. அந்தக் குடும்பத்தின் முன்னோர் வில்லியம் வென்ட்வர்த், 1636இல் நியூ இங்கிலாந்துக்குக் குடியேறியவர். இங்கேயும் ஒரு பெயர், ஒரு பாலம். காசு 264,000 பவுண்டுக்குப் போனது. எதிர்பார்த்ததைவிட அதிகம். இணையம் வழியாகக் கேட்ட ஓர் அமெரிக்கர் அதை வாங்கினார். காசு கடல் கடந்து ஊர் திரும்பியது.

ஏலத்தில் கால் வைக்க நினைக்கும் இளையோருக்கு ஒரு குறிப்பு. செய்தியில் வரும் தொகையில் 'வாங்குபவர் கட்டணம்' என்ற ஒன்றும் அடங்கியிருக்கும். சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் 20 விழுக்காடுவரையிலும், சில இடங்களில் அதற்கு மேலும் நிறுவனம் எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் அனுப்பும் செலவு, காப்புறுதி, வரி எல்லாம் உண்டு. ஆயிரம் ரிங்கிட் என்று நினைத்துப் பொத்தானை அழுத்தினால் ஆயிரத்து முந்நூறில் போய் நிற்கலாம். உங்கள் உச்ச வரம்பை இந்தக் கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்டு, ஏலம் தொடங்கும் முன்பே காகிதத்தில் எழுதிவையுங்கள்.

பழசெல்லாம் பொன்னல்ல

இதையெல்லாம் படித்த பிறகு, தம்பியின் ஆசையைக் கொஞ்சம் தணிக்க வேண்டியிருந்தது. ஒரு காசு பழையது என்பதற்காக மட்டும் விலை போகாது. 1,600 ஆண்டு பழைய ரோமானியச் செப்புக் காசுகளை இன்றும் சில டாலருக்கு வாங்கலாம். அவ்வளவு ஏராளமாக அடித்தார்கள், அவ்வளவு ஏராளமாகத் தோண்டி எடுக்கிறார்கள். எத்தனை பிழைத்தன, எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்ற நான்கு கேள்விகளுக்கும் நல்ல பதில் இருந்தால்தான் விலை.

மூன்றாவது கேள்வி என்னைக் குத்தியது. காசின் நிலையை வல்லுநர்கள் 1 முதல் 70 வரை புள்ளியிட்டு மதிப்பிடுவார்கள். காலத்தால் படிந்த கருமையை அவர்கள் குறையாகக் கொள்வதில்லை. தேய்த்து மினுக்கிய காசைத்தான் ஒதுக்குவார்கள். தேய்க்கும்போது மேல்தோல் போய், நுண்ணிய கீறல்கள் விழுந்துவிடும். பத்து வயதில், ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம், பாட்டி குத்துவிளக்குத் துலக்கப் புளி கரைத்து வைத்தபோது, உதவி செய்கிறேன் என்று அந்த டின்னிலிருந்த காசுகளையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தவர் யார் தெரியுமா? நான்தான். 'பளபளன்னு ஆயிடுச்சே' என்று எல்லோரும் பாராட்டினார்கள். உங்கள் பிள்ளைகள் யாராவது அப்படிக் கிளம்பினால், தயவுசெய்து குத்துவிளக்கோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். 'பழைய நோட்டுக்கு லட்சம், பழைய காசுக்குக் கோடி' என்று கைப்பேசிக்கு வரும் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். படம் அனுப்பினால் உடனே பெரிய விலை சொல்வார்கள். பிறகு பதிவுக் கட்டணம், வரி, தரகு என்று உங்களிடமிருந்து பணம் கேட்பார்கள். தங்கள் பெயரைப் பயன்படுத்தியே இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று 2021இல் இந்திய ரிசர்வ் வங்கியே பொதுமக்களை எச்சரித்தது. ஒழுங்கான ஏல நிறுவனம் தன் பங்கைக் காசு விற்ற பணத்தில் கழித்துக்கொள்ளும். காசு வாங்க வந்தவர் உங்களிடம் முன்பணம் கேட்டால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

மைலோ டின்

கடைசியில் ஒரு சனிக்கிழமை டின்னைத் திறந்தேன். பெரும்பாலும் நான் எதிர்பார்த்தவைதான். மலாயாவின் சதுரச் செப்புக் காசுகள் ஒரு கைப்பிடி. வாழைமரம் அச்சிட்ட ஜப்பானியர் கால நோட்டுகள் நான்கு. சில இந்தியக் காலணாக்கள். இவை இங்கே நிறைய வீடுகளில் உண்டு. தம்பிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவன் அழுகிற முகம் ஒன்றைப் பதிலாக அனுப்பினான்.

அடியில் ஒரு வெள்ளி ரூபாய் கிடந்தது. 1913, ஐந்தாம் ஜார்ஜ் தலை. அந்த ரூபாயின் எடை 11.66 கிராம். பாஸ்டன் காசைப்போல் பத்து மடங்கு வெள்ளி அதில் இருக்கிறது. அதன் மேல் ஓரத்தில் ஒரு தழும்பு, எதையோ ஒட்டவைத்துப் பிறகு அறுத்தெடுத்ததுபோல். நான் புளி போட்டுத் தேய்த்த கீறல்களும் இருந்தன. சேகரிப்பவர் கையில் எடுத்ததும் கீழே வைத்துவிடுவார்.

ஆனால் எனக்கு அந்தத் தழும்பு உறுத்தியது. அது என்ன என்று யாரைக் கேட்பது? தாத்தா இல்லை, பாட்டி இல்லை, அப்பா இல்லை. மிஞ்சியிருப்பது தெலுக் இந்தானில் இருக்கும் அத்தை. அவருக்கு வயது எண்பத்து மூன்று. படத்தை அவருடைய மகளுக்கு அனுப்பி, அவரிடம் பெரிதாக்கிக் காட்டச் சொல்லிவிட்டு, தொலைபேசியில் அழைத்தேன்.

"அது செலவுக் காசு இல்லப்பா" என்றார் அத்தை. "உன் கொள்ளுப்பாட்டி கழுத்துல கெடந்தது. காது வெச்சுக் கோத்தது. ஊர்லேர்ந்து கப்பல்ல வரும்போது அஞ்சு காசு கோத்துக்கிட்டு வந்தாங்களாம். ஜப்பான்காரன் காலத்துல நாலு காசு அரிசிக்குப் போச்சு. இதையும் குடுக்கத்தான் காதை அறுத்தாங்க. அன்னிக்கு அரிசி தீந்துபோச்சாம், திருப்பிக் கொண்டாந்துட்டாங்க. அப்புறம் போட்டுக்கவே இல்ல."

"கொள்ளுப்பாட்டி பேரு என்ன அத்தை?"

சொன்னார். அந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். என் பிள்ளைகளுக்கு அது தெரிய வழியே இருந்திருக்காது.

"இவ்வளவு நாளா ஏன் அத்தை யாருகிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலயேப்பா" என்றார்.

தொலைபேசியை வைத்ததும் ஒரு சிறிய அட்டையை எடுத்தேன். 'வெள்ளி ரூபாய், 1913. காது அறுத்த தடம் உண்டு' என்று எழுதினேன். கொள்ளுப்பாட்டியின் பெயரை எழுதினேன். ஐந்து காசு, கப்பல், அரிசி என்று அத்தை சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி, சொன்னவர் பெயரும் தேதியும் போட்டேன். புளி போட்டுத் தேய்த்தது யார் என்பதையும் கடைசியில் சேர்த்தேன். ரூபாயை ஒரு சிறிய உறையில் தனியாகப் போட்டு, அட்டையோடு டின்னுக்குள் வைத்தேன்.

காலணாக்களில் ஒன்றின் நடுவில் ஓட்டை இருக்கிறது. அதைப் பற்றி அத்தைக்கும் தெரியவில்லை. அதற்கும் ஓர் அட்டை எழுதினேன்: 'காலணா. ஏன் ஓட்டை என்று தெரியவில்லை. பாட்டி வீட்டு டின்னிலிருந்து.'